வளர்கிற பிள்ளைக்கு இரண்டு விரல்

அந்தத் தெருவில் நின்று "ரெண்டு விரல் டெய்லர் கடை எது?" என்று கேட்டால் யாரும் கையைக் காட்டிவிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள், பாவம் மனுஷன் மெஷினில் கையைக் கொடுத்து மிச்ச விரல்களைப் பறிகொடுத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு குனிந்து உள்ளே நுழைவார்கள். கடை மாடிப்படிக்கு அடியில் இருந்ததால் யாராக இருந்தாலும் குனிந்துதான் ஆகவேண்டும். நிமிர்ந்து பார்த்தால் பத்து விரலும் சுகமாக இருக்கும். கொண்டுவந்த சோகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிப்பார்கள்.

விஷயம் வேறொன்றுமில்லை. பள்ளிச் சீருடை தைக்கக் குழந்தையைக் கூட்டி வந்தால், இடுப்போ கையோ காலோ, எந்த அளவு எடுத்தாலும் உடம்புக்கும் டேப்புக்கும் நடுவில் தன் இரண்டு விரலை வைத்து, அதையும் சேர்த்துத்தான் அளப்பார். "வளர்ற பிள்ளை, கொஞ்சம் விட்டுத் தைப்போம். வளர்ந்தா சரியாயிடும்" என்பார். பெற்றவர்களுக்கு மனசு குளிர்ந்துபோகும். அடுத்த வருஷச் செலவு மிச்சம் அல்லவா? பிள்ளைகளைக் கேட்டவர் யாருமில்லை.

நல்ல டெய்லர் அந்த உபரித் துணியை உள்ளே மடித்துத் தைத்துவிட்டு, பிள்ளை வளர வளரப் பிரித்துவிடுவார். நம்மவருக்கும் இது தெரியும். "மடிச்சுத் தைச்சா அப்புறம் யாரு பிரிக்கிறது? அதுக்கும் நான்தானே உட்காரணும்" என்று விட்டுவிட்டார். இடுப்புக்கு எலாஸ்டிக் போடலாமே என்று யாராவது சொன்னால் அவர் முகம் கோணிவிடும். எலாஸ்டிக் சோம்பேறிகளின் கண்டுபிடிப்பு என்பது அவர் கட்சி. பிரிக்கச் சோம்பல்படுகிற தான் எந்தக் கட்சி என்று அவர் யோசித்ததில்லை.

வீட்டிலும் இதே கதைதான். பிள்ளைகளுக்குச் செருப்பு, ஷூ எதை வாங்கினாலும் நுனியில் பஞ்சு அடைத்தாக வேண்டும். நான்கு வயசுச் சின்னவனின் மழைக்கோட்டுக்குள் அவனும் அவன் பையும் பக்கத்து வீட்டுப் பூனையும் நனையாமல் நிற்கலாம். தனக்குத் தைக்கிற பேன்ட்டிலும் அவர் இடம் விட்டார். நாற்பது தாண்டினால் தொப்பை வரும் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. நாற்பதைத் தாண்டிப் பல வருஷமாயிற்று, தொப்பையைத்தான் காணோம். பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பஸ் வராத நிறுத்தத்தில் நிற்கிறவர் மாதிரி காத்திருந்தார்.

பெரியவளுக்கு எட்டு வயசு. நின்றாலும் நடந்தாலும், ஓடினால்கூட, ஒரு கை இடுப்பில் இருக்கும். அவருக்கு அதில் தனிப் பெருமை. மனைவி ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள். அவள் எழுந்து இடுப்பில் கை வைத்தால் கத்திக்கொண்டிருக்கிற கூட்டம் கப்சிப்பென்று அடங்கும். வீட்டில் அவரும் அடங்குவார். "பாருங்க, அம்மாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா. என்ன அதிகாரம்!" என்று கடைக்கு வருகிறவர்களிடம் மகளைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்தப் பெரியவள்தான் போன வருஷம் பள்ளியிலிருந்து வந்து தலைகீழ் ரயிலைப் பற்றிச் சொன்னாள். ஊருக்கு வெளியே இருந்த விளையாட்டுப் பூங்காவில் அப்படி ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஏறி, தலைகீழாகச் சுற்றி, கத்துகிறவர்களைக் கத்தவிட்டுக் கொண்டுவந்து இறக்கிவிடும். வகுப்பில் பாதிப் பேர் போய்விட்டு வந்துவிட்டார்கள்.

டெய்லர் மிரண்டுபோனார். ரயிலை நினைத்து அல்ல, டிக்கெட்டை நினைத்து. ஆனால் பூங்கா விளம்பரத்தில் அவருக்கு ஒரு பொந்து கிடைத்தது. இன்ன உயரத்துக்குக் கீழே இருக்கிறவர்களைத் தலைகீழ் ரயிலில் ஏற்ற மாட்டோம் என்று போட்டிருந்தது. "நீ அந்த உயரம் வந்துடு. வந்த வாரமே கூட்டிட்டுப் போறேன். அப்பா வாக்கு" என்றார். பிள்ளைகள் அவ்வளவு சீக்கிரம் வளர மாட்டார்கள் என்பது கணக்கு. பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் வளர்வார்கள் என்று சொல்லியே இத்தனை வருஷம் பிழைத்தவர் போட்ட கணக்கு இது!

பெரியவள் விடவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை கடைக்கு வந்து கதவோரம் விறைப்பாக நிற்பாள். "அளங்கப்பா" என்பாள். அவர் டேப்பின் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, தலையில் கையை வைத்து, மேலே இழுப்பார். "இன்னும் இல்லை" என்று சொல்லும்போது அவர் முகத்தில் இருக்கிற நிம்மதியை மறைக்கப் பெரிய பாடுபடுவார். ஒரு சனிக்கிழமை இழுத்துப் பார்த்தவர், மறுபடி இழுத்தார், டேப்பைத் திருப்பிப் போட்டும் இழுத்தார். உயரம் வந்தேவிட்டிருந்தது. பெரியவள் கடையே அதிர ஒரு குதி குதித்தாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான்.

"ஸ்கூல்ல போன வாரம் அளந்தப்ப கொஞ்சம் குறைச்சலாச் சொன்னாங்களே" என்றாள் மனைவி.

"ஸ்கூல்காரங்களுக்கு அளவெடுக்கத் தெரியுமா? நான் என்ன கிழங்கா விக்கிறேன்? இதே வேலையா இருக்கேன்."

"எங்க கிளினிக்ல சுவத்துல ஒரு அளவுக் கம்பி இருக்கு. ஒரு எட்டுக் கூட்டிட்டு வாங்களேன். டிக்கெட்டு வாங்கறதுக்கு முன்னாடி பார்த்துக்கலாம்."

"டெய்லர் பொண்ணை அளக்க இன்னொருத்தன் கம்பியா? வெளியில தெரிஞ்சா கடையை மூடிட்டுப் போகவேண்டியதுதான்." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மனைவி இடுப்பில் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

டிக்கெட்டில் ஒரு வில்லங்கம் இருந்தது. எந்த உயரத்தில் தலைகீழ் ரயில் திறந்ததோ, அதே உயரத்தில் அரை டிக்கெட் முடிந்தது. கோட்டுக்குக் கீழே என்றால் பாதி விலை, குழந்தைகள் ரயில். மேலே என்றால் முழு விலை, தலைகீழ் ரயில். டெய்லருக்குள் இருந்த சிக்கனக்காரன், கொஞ்சம் முழங்காலை மடக்கச் சொன்னால் என்ன என்று கேட்டான். அப்பன் அவனை அடக்கினான். "முழு டிக்கெட்டே எடுப்போம். பிள்ளை ஆசைப்பட்டுட்டா" என்று கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். வாழ்க்கையில் கணக்குப் பார்க்காமல் செய்கிற ஒரே நல்ல காரியம், நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

மற்றதில் எல்லாம் கணக்குப் பார்த்தார். விடுமுறை நாளில் விலை ஏறும், ஆகவே வார நாள். முன்கூட்டி எடுத்தால் தள்ளுபடி, ஆனால் வாங்கினால் திருப்பித் தரமாட்டார்கள். "நாம எதுக்குத் திருப்பப் போறோம்?" என்று அதையே எடுத்தார். கார் கிடையாது, முதல் பஸ். சாப்பாடு வீட்டிலிருந்து. உடை? யாரோ ஒரு கம்பெனிக்கு மொத்தமாகச் சட்டை தைத்ததில் மிஞ்சிய மஞ்சள் துணி, ஆரஞ்சுப் பட்டையோடு ஒரு சுருள் கிடந்தது. நான்கு பேருக்கும் அதிலேயே ஒரே மாதிரி தைத்துவிட்டார். கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்தால் கண்டுபிடிக்க வசதி என்று மனைவியிடம் காரணம் சொன்னார். எல்லாவற்றிலும் இரண்டு விரல் விட்டிருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போன நாளன்று பூங்கா வாசலிலேயே முதல் சனி பிடித்தது. வெளிச் சாப்பாட்டுக்கு உள்ளே அனுமதி இல்லை. காவலாளி டப்பாக்களைத் திறந்து பார்த்து, "இங்கயே வெச்சுட்டுப் போங்க, இல்ல சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். வைத்துவிட்டுப் போகிற ஆளா இவர்? காலைச் சாப்பாட்டைப் பஸ்ஸில் முடித்திருந்த குடும்பம், மதியச் சாப்பாட்டையும் சாயங்காலத்துக்கென்று வைத்திருந்த ரொட்டியையும் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டது. "மெல்லுங்க, மெல்லுங்க. உள்ள போனா ஒண்ணும் கிடையாது" என்று அவர் உற்சாகப்படுத்தினார். சின்னவன் அவித்த முட்டையை வாயில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

இரண்டாவது சனி உள்ளே காத்திருந்தது. பூங்காவில் வேலை செய்கிற அத்தனை பேரும் மஞ்சள் சட்டை, ஆரஞ்சுப் பட்டை. அந்தக் கம்பெனி எது என்று டெய்லருக்கு அப்போதுதான் புரிந்தது. பத்தடி நடப்பதற்குள் ஓர் அம்மாள் வழி மறித்தார். "அண்ணே, டாய்லெட் எந்தப் பக்கம்?" அவர் பேந்தப் பேந்த விழித்தார். அடுத்து ஒருவர் தண்ணீர் எங்கே என்றார், இன்னொருவர் தன் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். பெரியவளிடம்கூட ஒரு பையன், "அக்கா, பலூன் எப்ப குடுப்பீங்க?" என்று கேட்டான். மனைவி மட்டும் அசரவில்லை. "நேராப் போய் இடது பக்கம். வரிசையில நில்லுங்க" என்று எல்லோரையும் அனுப்பிவைத்தாள். அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று அவளுக்கும் தெரியாது.

தலைகீழ் ரயிலுக்கு நீண்ட வரிசை. வெயிலில் நின்றாலும் பெரியவள் முகம் பளபளவென்று இருந்தது. மேலே ரயில் கவிழும்போதெல்லாம் அப்பாவின் கையை இறுக்கினாள். "நாம ரெண்டு பேரும் முன்னாடி சீட்டு, சரியாப்பா?" என்றாள். முழு டிக்கெட் எடுத்தது எவ்வளவு சரி என்று அவருக்குக் கண் கலங்கியது. தன் நல்ல குணத்தை நினைத்துத்தான் பாதி கலங்கியது.

வரிசை முனையில் மரத்தில் செய்த கரடி ஒன்று கையை நீட்டிக்கொண்டு நின்றது. அதன் கையில் தலை முட்டினால் ஏறலாம். பெரியவள் போய் விறைப்பாக நின்றாள். தலை முட்டவில்லை. குதிகாலைத் தூக்காமல் கழுத்தை மட்டும் நீட்டினாள். அப்போதும் முட்டவில்லை.

"பாப்பா இன்னும் கொஞ்சம் வளரணும் சார்" என்றாள் ரயிலில் ஏற்றிவிடுகிற பெண்.

"என்னம்மா சொல்றே? அளந்துட்டுத்தான் டிக்கெட்டே எடுத்தேன். நான் டெய்லரும்மா!"

"டெய்லரா? நான் உங்களைப் புதுசா வேலைக்குச் சேர்ந்தவருன்னு நினைச்சேன்" என்றவள், இரக்கப்பட்டுத்தான் கேட்டாள். "கோவிச்சுக்காதீங்க. எப்படி அளந்தீங்கன்னு காட்டுங்களேன்."

காட்டாமல் இருப்பாரா? டேப் எப்போதும் அவர் பாக்கெட்டில் இருக்கும். ஒரு நுனியை மிதித்தார், மகள் தலையில் கையை வைத்தார், விர்ரென்று இழுத்தார். "இந்தா பாரு! சரியா வருதா இல்லையா?" என்று வரிசையில் நின்றவர்களையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். வரிசை எட்டிப் பார்த்தது.

மனைவிதான் மெதுவாகச் சொன்னாள். "என்னங்க... விரலை எடுங்க."

அவர் குனிந்து பார்த்தார். மகளின் தலைக்கும் டேப்புக்கும் நடுவில் அவருடைய இரண்டு விரலும், தங்கள் வழக்கமான இடத்தில், படுத்துக்கொண்டிருந்தன. அவர் வைக்கவில்லை. அதுகளாகப் போய்ப் படுத்துக்கொண்டன. இத்தனை சனிக்கிழமையும் படுத்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. கரடியின் கைக்கும் பிள்ளையின் தலைக்கும் நடுவில் இருந்த இடமும் சரியாக அவ்வளவுதான்.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டெய்லருக்குக் காது சுட்டது. அரை டிக்கெட்டுக்கு முழு விலை கொடுத்ததும், ஊரெல்லாம் அதைப் பெருமையடித்ததும் ஒன்றாக மண்டையில் உறைத்தன. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏம்மா, கொஞ்சம் முன்னப்பின்ன பார்த்து விடக்கூடாதா?"

"தோள் மேல வந்து அழுத்துற கம்பி இந்த உயரத்துக்குத்தான் சார் பிடிக்கும். சட்டைன்னா லூஸா இருந்தாப் பரவாயில்லை, வளர்ந்தா சரியாயிடும். இது தலைகீழா நிக்கிற வண்டி. பிள்ளை நழுவிடும்."

ஷூ நுனியில் இருக்கிற பஞ்சைக் குதிகாலுக்கு மாற்றினால் என்ன என்று ஒரு யோசனை அவருக்கு ஓடியது. அதை மனைவி எப்படிப் படித்தாளோ, இடுப்பில் கை போய்விட்டது. யோசனை அங்கேயே அடங்கியது.

பெரியவள் அழுதிருந்தால் தேவலை. அவள் கரடியை ஒரு தடவை பார்த்தாள், மேலே கவிழ்ந்த ரயிலை ஒரு தடவை பார்த்தாள். "பரவாயில்லப்பா, இன்னும் ரெண்டு விரல்தானே" என்று சொல்லி அவர் கையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். வாக்குக் கொடுத்தது அவர், அளந்தது அவர், ஆறுதல் சொல்வது அந்தப் பிள்ளை.

குழந்தைகள் ரயிலுக்குப் போனார்கள். கம்பளிப்பூச்சி மாதிரி செய்த சின்ன ரயில். எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம் என்பதால் அதன்மேல் அவருக்கு உடனே ஒரு மரியாதை பிறந்தது. மனைவி பிள்ளைகளோடு ஏற, அவர் பைகளோடும், யாரோ ஒப்படைத்துவிட்டுப் போன பையோடும் கீழே நின்றார். கடைசியில் ஒரு சின்னச் சரிவு. அதில் ரயில் சர்ரென்று இறங்கும்போது எல்லாரும் கையைத் தூக்கிக் கத்துவார்கள், ஒரு கேமரா படம் பிடிக்கும். இறங்கி வந்தால் படம் திரையில் தெரியும். பார்க்கக் காசில்லை, வாங்கத்தான் காசு. ஆகவே பார்க்கப் போனார்.

படத்தில் அத்தனை பிள்ளைகளும் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கியிருந்தார்கள். சின்னவன்கூடத் தூக்கியிருந்தான். அவனுக்கு இன்னும் மானம் ரோஷம் வரவில்லை. பெரியவள் மட்டும் ஒரு கையைத்தான் தூக்கியிருந்தாள். இன்னொரு கை இடுப்பில்.

"என்னடா செல்லம், பயந்துட்டியா? இந்தச் சின்ன ரயிலுக்கே ஒரு கையால பிடிச்சுக்கிட்டே?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். தலைகீழ் ரயில் கிடைக்காததே நல்லதாயிற்று என்று சமாதானம் செய்துகொள்ள அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

"பயமெல்லாம் இல்லப்பா. கையை விட்டா பேன்ட்டு கழண்டுடும்."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "இன்னைக்கு மட்டும்தானே? மத்த நாள்ல?"

"எப்பவுமேதான். ஸ்கூல் டிரெஸ்ஸும் அப்படித்தானே. ஓட்டப் பந்தயத்துலகூடப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஓடுவேன்."

"ஏம்மா என்கிட்ட சொல்லலே?"

"நீங்கதானே வளர்ந்தா சரியாயிடும்னு சொன்னீங்க" என்றாள், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்பது மாதிரி.

அதிகாரம் என்று ஊரெல்லாம் பெருமையடித்த கை! அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள் என்று காட்டிக் காட்டி மகிழ்ந்த கை! பிள்ளை இத்தனை நாளும் அப்பாவின் தொழிலைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். டெய்லருக்கு அவமானமாக இருந்தது. வரிசையில் சிரித்தார்களே, அப்போது வந்தது வெறும் வெட்கம். இதுதான் அவமானம். இன்றைக்கு இவள் உடம்புக்குச் சரியாக இருக்கிற ஒரு துணியை நான் தைத்ததே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் யாருக்குமே தைத்ததில்லை.

அவர் மகளை ஒரு பெஞ்சுக்குக் கூட்டிப் போனார். மனைவி பையிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்துச் சுற்றிப் பிடிக்க, பெரியவள் பேன்ட்டைக் கழற்றிக் கொடுத்தாள். டெய்லர் ஆட்களின் காலருக்கு உள்ளே எப்போதும் ஓர் ஊசி குத்தியிருக்கும். நூல் இல்லை. தன் சட்டையின் கீழ் மடிப்பைப் பல்லால் கடித்துப் பிரித்து, அந்த நூலையே உருவிக் கோத்தார். எந்த மடிப்பையும் பிரிக்க உட்காராத மனுஷன் பூங்கா நடுவில் உட்கார்ந்து பிரித்தார். நாலு பேர் அதற்குள் டாய்லெட் எங்கே என்று கேட்டுவிட்டார்கள். தலையைத் தூக்காமல் ஊசியாலேயே வழி காட்டினார். இப்போது அவருக்கு நிஜமாகவே வழி தெரிந்திருந்தது. இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்து, துணியை உள்ளே மடித்து, இறுக்கித் தைத்தார். அளவெடுக்கும்போது அந்த இரண்டு விரலையும் மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார்.

பெரியவள் போட்டுக்கொண்டாள். கையை எடுத்தாள். நிற்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்தாள். பிறகு பெஞ்சிலிருந்து பூச்செடி வரைக்கும் இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடினாள், திரும்பி ஓடி வந்தாள், மறுபடியும் ஓடினாள். அவள் ஓடி அவர் முழுசாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்பா, இப்ப நீங்களும் வாங்க. முன்னாடி சீட்டு" என்றாள்.

தலைகீழ் ரயிலில் கொடுக்க முடியாத முன் சீட்டைக் கம்பளிப்பூச்சி ரயிலிலாவது கொடுக்கலாம் என்று அவர் ஏறப் போனார். வாசலில் நின்ற பையன் ஒரு கூடையை நீட்டினான். "பெரியவங்க பெல்ட்டு, சாவி, பர்ஸ் எல்லாம் இதுல போட்டுட்டு ஏறுங்க சார். உள்ள கம்பியில மாட்டிக்குது." பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. அவர் யோசிக்காமல் பெல்ட்டை உருவிப் போட்டுவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சரிவில் ரயில் சர்ரென்று இறங்கியது. எல்லாரும் கத்தினார்கள்.

இறங்கியதும் பெரியவள்தான் முதலில் திரைக்கு ஓடினாள். முன் சீட்டில் அவள் இரண்டு கையும் வானத்தில் இருந்தது, வாய் காது வரைக்கும் போயிருந்தது. பக்கத்தில் மஞ்சள் சட்டையில் ஒருவர் ஒரு கையை மட்டும் தூக்கியிருந்தார். இன்னொரு கை இடுப்பில், பேன்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

மனைவி சிரித்துச் சிரித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் விலையைக் கேட்காமல் அந்தப் படத்தை வாங்கினார். வாங்கிய பிறகு விலையைப் பார்த்து ஒரு நிமிஷம் சிலையாக நின்றார். பெரியவள் படத்தைக் கையில் வாங்கி, அவருடைய இடுப்புக் கையை விரலால் தொட்டுக் காட்டி, பெரிய மனுஷி மாதிரி அவர் முதுகில் தட்டிக் கொடுத்தாள்.

"பரவாயில்லப்பா" என்றாள். "வளர்ந்தா சரியாயிடும்."